‘பெண்டிங்’ என்று வந்தால்

பெட்ரோல் போட்டுவிட்டு கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் அடிக்கிறோம். சில சமயம் திரையில் ‘பெண்டிங்’ என்று நின்றுவிடுகிறது. வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் எனக்குப் பாதி வேலையே அந்த ஒரு சொல்லால்தான்.

இப்படிப் பணம் கட்ட 2016இல் வந்த யூ.பி.ஐ.யில், உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி, நடுவில் யூ.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. என்று ஒரு தொகைக்காகப் பல கணினிகள் பேசிக்கொள்கின்றன. பதில் வரவில்லை என்றால், செய்தியே போய்ச் சேரவில்லையா, பணம் போய்ப் பதில் மட்டும் தொலைந்ததா? அனுப்பிய கணினிக்குத் தெரியாது. 1978இல் கணினி அறிவியலாளர் ஜிம் கிரே இத்தகைய நிலையை இரண்டு தளபதிகளின் சிக்கலாக விளக்கினார்: சேர்ந்து தாக்க வேண்டிய இருவருக்கு இடையே செல்லும் தூதர் வழியில் பிடிபடலாம் என்றால், எத்தனை தூதரை அனுப்பினாலும் மற்றவரும் வருவார் என்ற முழு உறுதி இருவருக்கும் கிடைக்காது.

அதனால் அனுப்பிய கணினி மறுபடி கேட்கிறது, அதே பரிவர்த்தனை எண்ணோடு. பெறும் கணினி தன் பதிவேட்டைப் பார்க்கும். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் பணத்தைத் தொடாது, பழைய பதிலையே திருப்பிச் சொல்லும். இதைவிட அழகான ஏற்பாட்டை என் துறையில் நான் பார்த்ததில்லை.

நீங்கள் அவசரப்பட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் அது புது எண். இரண்டு முறை பணம் போகலாம். கொஞ்சம் பொறுங்கள். திரையில் தெரியும் 12 இலக்க யூ.பி.ஐ. குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, கணக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.