எட்டு ஆண்டு வாரண்டி எந்த பேட்டரிக்கு?

ஹைபிரிட் கார் வாங்கப் போகிறவருக்கு ஷோரூமில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் உறுதிமொழி ஒன்று உண்டு: பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி என நம் சாலைகளில் ஓடும் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்கு இதுதான் கணக்கு. உறுதிமொழியில் பொய் இல்லை. ஆனால் அந்தக் காருக்குள் பேட்டரி இரண்டு இருக்கின்றன. எட்டு ஆண்டு என்பது பெரிய பேட்டரிக்கு. ஒரு நாள் காலையில் காரை வீட்டு வாசலிலேயே நிறுத்திவைப்பது பெரும்பாலும் சின்ன பேட்டரி. அதன் வாரண்டி வேறு, காலம் வேறு, பல சமயம் அதைக் கொடுக்கிற கம்பெனியே வேறு.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. சிட்டி ஹைபிரிட், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் மூன்றும் இங்கே வந்தது 2022இல். ஹைகிராஸ் அந்த ஆண்டு முடிவில் அறிமுகமானது. நம் வெயிலில் ஒரு லெட்-ஆசிட் பேட்டரி மூன்று, நான்கு ஆண்டு உழைத்தாலே நல்ல உழைப்பு. முதலில் விற்ற கார்களின் சின்ன பேட்டரிகள் அந்த வயதைத் தொட்டுவிட்டன.

சின்ன பேட்டரி என்பது எல்லாக் கார்களிலும் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரிதான். சாதாரணக் காரில் அதன் முக்கிய வேலை செல்ஃப் மோட்டாரைச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் அந்த வேலையைப் பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் மோட்டாரே செய்துவிடும். பெரிய பேட்டரியின் வோல்டேஜ் நூற்றுக்கணக்கில் இருக்கும். பழைய பிரியஸ் கார்களில் 201.6 வோல்ட். இவ்வளவு உயர்ந்த வோல்டேஜ், கார் நிற்கும்போது வயர்களில் இருக்கக் கூடாது. விபத்தில் மீட்க வருபவருக்கும், பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கும் அது உயிராபத்து. அதனால் காரை அணைத்ததும் பெரிய பேட்டரியை மற்ற பாகங்களிலிருந்து ரிலேக்கள் துண்டித்துவிடும். மறுபடி பட்டனை அழுத்தும்போது கம்ப்யூட்டர்களை எழுப்பி, அந்த ரிலேக்களை மூடிப் பெரிய பேட்டரியை இணைப்பது சின்ன பேட்டரியின் பொறுப்பு. வீட்டுக்குள் எவ்வளவு செல்வம் இருந்தாலும் சாவி தொலைந்தால் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்தச் சாவிதான் இந்தப் பன்னிரண்டு வோல்ட்.

கார் இயங்கத் தொடங்கிய பிறகு டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பாகம் பெரிய பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்துச் சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்யும். மற்ற கார்களில் ஆல்டர்னேட்டர் செய்கிற வேலை இது. ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டரே கிடையாது. (மாருதியின் எர்டிகா, சியாஸ் போன்றவற்றில் வந்த ஸ்மார்ட் ஹைபிரிட் வேறு வகை, இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.)

இந்த அமைப்பில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. சாதாரணக் காரில் பேட்டரி தளர்வதை நாமே உணர்ந்துவிடுவோம். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். "பேட்டரி டவுன் ஆகுது போல" என்று யோசித்து அந்த வாரமே கடைக்குப் போவோம். ஹைபிரிட்டில் சின்ன பேட்டரி கனமான வேலை எதையும் செய்வதில்லை. பலவீனம் வெளியே தெரிய வழியில்லை. நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கார், இன்று காலை ரிமோட்டுக்குக்கூடப் பதில் சொல்லாது.

செத்துப்போகிற விதமும் பயமுறுத்தும். வோல்டேஜ் பாதியில் தொங்கினால் கம்ப்யூட்டர்கள் குழம்பும். பிரேக், ஸ்டியரிங், ஹைபிரிட் சிஸ்டம் என்று எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு மட்டும் வராது. பார்ப்பவருக்குப் பெரிய பேட்டரியே போய்விட்டதுபோல் தோன்றும். லட்சக்கணக்கில் செலவு என்று வயிறு கலங்கும். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹைபிரிட் எச்சரிக்கை எதுவாக இருந்தாலும், பெரிய பேட்டரியைப் பற்றி யாரையும் பேச விடுவதற்கு முன் சின்ன பேட்டரியின் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். காரைச் சில மணி நேரம் அணைத்து வைத்து அளந்தால் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி காலி. 12க்குக் கீழே என்றால் தீர்ந்துவிட்டது. அடுத்து ரெடி விளக்கு எரியும்போது அளக்க வேண்டும். பொதுவாக 13.5க்கு மேல் காட்டும். ரெடியிலும் 12 சொச்சத்திலேயே நின்றால் சந்தேகம் பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டருக்கு மாறுகிறது. வாரண்டிப் பேச்சில் இந்த இரண்டாவது அளவுக்குப் பெரிய மதிப்பு உண்டு, பிறகு வருகிறேன்.

வழியில் மாட்டிக்கொண்டால் ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாம். எஞ்சினைச் சுற்ற வேண்டியதில்லை என்பதால் மிகக் குறைந்த மின்சாரமே போதும். கையடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் தாராளமாக வேலை செய்யும். பிளஸ், மைனஸ் மட்டும் மாறவே கூடாது. மாறினால் கன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் வரை சேதம் போகலாம். அதை எந்த வாரண்டியும் ஏற்காது. சில கார்களில் சின்ன பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். அப்படிப்பட்ட கார்களில் பானட்டுக்குள் ஃப்யூஸ் பாக்ஸில் ஜம்ப் செய்வதற்கென்றே ஒரு டெர்மினல் கொடுத்திருப்பார்கள். உங்கள் காரில் அது எங்கே என்று இன்றே மேனுவலில் பார்த்து வையுங்கள். ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுக்கவும் பழகிக்கொள்ளுங்கள். பேட்டரி செத்த பிறகு கதவைத் திறக்க அது ஒன்றுதான் வழி. ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கை போகவே கூடாது. உங்கள் ஹைபிரிட்டை வைத்து இன்னொருவர் காரை ஜம்ப் செய்து கொடுப்பதும் வேண்டாம். அந்தக் காரின் செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்க உங்கள் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் செய்யப்படவில்லை.

சின்ன பேட்டரி ஏன் சாகிறது? முதல் காரணம் வெப்பம். இரண்டாவது, ஓடாமல் நிற்பது. அணைத்த காரிலும் அலாரம், ரிமோட் ரிசீவர், மொபைல் இணைப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் 50 மில்லிஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, பாதி தீரச் சுமார் இருபது நாள். அதே காரில் நிறுத்தும்போதும் படம் பிடிக்கிற டாஷ்கேம் ஒன்று மாட்டி அது 300 மில்லிஆம்பியர் இழுத்தால் மூன்று நாளுக்குள் பாதி போய்விடும். சாவியைக் காருக்கு மிக அருகில் மாட்டிவைக்கும் பழக்கமும் நல்லதல்ல. சில கார்கள் சாவியைத் தேடி விழித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு தவறு, ரெடிக்குப் போகாமல் வெறும் ஆன் நிலையில் வைத்துப் பாட்டு கேட்பது. அந்த நிலையில் பெரிய பேட்டரி இணையவே இல்லை. சார்ஜ் ஏறாது, இறங்க மட்டுமே செய்யும்.

அதிகம் ஓட்டாதவர்கள் வாரம் ஒரு முறை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினாலோ, காற்றோட்டமான இடத்தில் ரெடியில் வைத்தாலோ போதும். எஞ்சின் அவ்வப்போது தானே கிளம்பி அணையும். மூடிய கராஜில் இதைச் செய்யக் கூடாது.

இனி வாரண்டி. டெலிவரியின்போது கொடுக்கிற புத்தகத்தில், காருக்கான வாரண்டி எவற்றுக்கெல்லாம் பொருந்தாது என்று ஒரு பகுதி இருக்கும். டயரும் 12 வோல்ட் பேட்டரியும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்: அவற்றுக்கு அவற்றைத் தயாரித்த கம்பெனியின் வாரண்டியே பொருந்தும் என்று ஒரு வரி. கூடுதல் பணம் கட்டி வாங்குகிற எக்ஸ்டெண்டெட் வாரண்டியும் பேட்டரியைத் தேய்மானப் பொருள் என்று சொல்லி விலக்குவதே வழக்கம். டெலிவரி நாளில் பெரிய பேட்டரியின் எட்டு ஆண்டைச் சொல்லும் அதே வாய், சின்ன பேட்டரிக்கு எத்தனை மாதம் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குகிறவர் "பேட்டரி" என்ற ஒரே சொல்லை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்.

பழுது வந்தால் யார் பொறுப்பு என்பது காரணத்தைப் பொறுத்தது. பேட்டரிக்குள்ளேயே செல் கெட்டிருந்தால் பேட்டரி கம்பெனி. கன்வெர்ட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை, அல்லது காரின் கம்ப்யூட்டர் ஒன்று தூங்காமல் மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்றால் கார் கம்பெனி. அப்போது அது பேட்டரிப் பழுதே அல்ல. காரின் பொது வாரண்டிக்குள்ளோ ஹைபிரிட் பாகங்களின் வாரண்டிக்குள்ளோ வர வேண்டிய கோளாறு. விளக்கை எரியவிட்டது, வெளியே மாட்டிய டாஷ்கேம், மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது என்றால் செலவு நம்முடையது. சார்ஜ் இறங்கியது பழுதல்ல, சார்ஜ் போட்டால் சரியாகும் என்று சொல்லி அனுப்பவும் விதியில் இடம் உண்டு.

இங்கேதான் சோதனைச் சீட்டு முக்கியமாகிறது. சர்வீஸ் சென்டர்களில் இருக்கும் டெஸ்டர் பேட்டரியின் நிலையை அளந்து, நன்று, சார்ஜ் செய்து மீண்டும் சோதி, மாற்று என்று முடிவைச் சீட்டாக அச்சடித்துக் கொடுக்கும். வாய்வார்த்தையாக "சரியாத்தான் இருக்கு சார்" என்றால் ஏற்காதீர்கள். சீட்டைக் கேட்டு வாங்குங்கள், தேதியோடு. ரெடியில் எடுத்த வோல்டேஜையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரே வருடத்தில் இரண்டாவது பேட்டரியும் செத்தால், மூன்றாவது பேட்டரியை மாட்டுவது தீர்வல்ல. கார் தூங்கிய பிறகு எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளக்கும் சோதனையை எழுத்தில் கோருங்கள்.

பேட்டரி வாரண்டியில் இரண்டு கட்டம் இருப்பது வழக்கம். அட்டையில் 24+24 என்றிருந்தால் முதல் 24 மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதம் ப்ரோ-ரேட்டா, அதாவது விலையில் ஒரு பங்கு மட்டும் கழிவு, மாதம் ஏற ஏற அந்தக் கழிவும் குறையும். கழிவைக் கணக்கிடுவது அச்சிட்ட விலையில். கடையில் பேரம் பேசிக் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டால் லாபம் சிறிதாகவே தெரியும். காரோடு வந்த பேட்டரிக்கான காலம், அதே கம்பெனி கடையில் விற்கும் பேட்டரிக்கான காலத்திலிருந்து வேறுபடலாம். வாரண்டியில் மாற்றித் தந்த பேட்டரிக்குப் புதிதாகக் காலம் தொடங்காது, பழையதில் மீதமுள்ளதே பொருந்தும் என்பதும் பெரும்பாலான அட்டைகளில் இருக்கும் விதி.

நியாயமான கோரிக்கையை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. மேலே சொன்ன சீட்டும் ஜாப் கார்டும் அங்கே சாட்சி.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே ஓடும் பிரியஸ், அக்வா, ஃபிட், வெசல் கார்களில் மிகப் பல ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் என்ற பெயரில் இறக்குமதியானவை. ஜப்பானில் கொடுத்த வாரண்டியை நம்பி அங்கே பயனில்லை; விற்றவர் எழுதிக் கொடுத்தது மட்டுமே கையில் இருப்பது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது என்பதால் சாலையில் இருப்பவற்றில் பழைய கார்கள் அதிகம். அப்படி ஒன்றை வாங்குகிறவர் பெரிய பேட்டரியின் நிலையை விசாரிப்பதோடு, சின்ன பேட்டரியின் தேதியையும் வகையையும் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த வகை என்பதில் அலட்சியம் கூடாது. பேட்டரி பயணிகள் அமரும் பகுதியிலோ டிக்கியிலோ இருக்கும் கார்களுக்கு ஏஜிஎம் என்ற அடைக்கப்பட்ட வகையைப் போட்டிருப்பார்கள். அதிலிருந்து வாயுவை வெளியேற்றச் சின்னக் குழாய் ஒன்றும் காருக்கு வெளியே போகும். விலை குறைவு என்று அங்கே சாதாரண ஆசிட் பேட்டரியை வைத்தால் ஆசிட் ஆவியும் ஹைட்ரஜனும் காருக்குள்ளேயே தங்கும். மாற்றிய பிறகு அந்தக் குழாயை மீண்டும் மாட்டினார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

ஹூண்டாய் தன் ஐயானிக் ஹைபிரிட்டில் வேறு வழி கண்டது. 12 வோல்ட்டையும் லித்தியமாக்கிப் பெரிய பேட்டரியோடு சேர்த்து வைத்து, அது தீர்ந்தால் உயிர்ப்பிக்க டாஷ்போர்டில் ஒரு பட்டனும் கொடுத்தது. எல்லாக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வரும்வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பேட்டரியின் இலவச மாற்றுக் காலம் எந்த மாதம் முடிகிறது என்று வாரண்டி அட்டையில் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாகவே சோதனைக்குக் கொண்டுபோய், சீட்டில் 'மாற்று' என்று வந்தால் அன்றைக்கே எழுத்தில் கோரிக்கை கொடுத்துவிடுங்கள்.