பச்சை விளக்கு எரியுது, ஆளைக் காணோமே!

கிளினிக்கிலோ டியூஷன் வகுப்பிலோ காப்புறுதி முகவரிடமோ நீங்கள் கொடுத்த பெயரும் ஐசி எண்ணும் பெரும்பாலும் நாம் தூங்கும்போதுதான் பயணம் போகின்றன. ஒரு கணினி அவற்றை சிஎஸ்வி கோப்பாக, அதாவது கமாவால் கட்டம் பிரித்த பட்டியலாக, கொட்டும். இன்னொன்று அள்ளித் தரவுத்தளத்தில் அடுக்கும். மனிதக் கை படுவது அரிது. விடிந்தால் திரையில் பச்சை எழுத்து: 'வெற்றி'. ஏற்க முடியாத வரியைத் தாண்டிப் போ என்று சொல்லிவைத்திருந்தால், ஐயாயிரம் பேரில் நூறு பேரை வழியில் விட்டுவிட்டு வந்தாலும் அதே பச்சைதான்! அந்த நூறு பேரைத் தேடிப் பிடிப்பதைப்போல் விறுவிறுப்பான வேலையை நான் பார்த்ததில்லை.

முதல் தடயம் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஐசி என்னும் மலேசிய அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். ஜொகூர் என்றால் 01. நடுவிலுள்ள கோடுகளை எடுத்துவிட்டு, கோப்பை எக்செலில் திறந்து எக்செல் கோப்பாகவே சேமித்துப் பாருங்கள். அது இதை வெறும் எண் என்று நினைத்து முன்னாலுள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். 1978-இல் பிறந்த அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. 2005-இல் பிறந்த மகளுக்கு ஓர் இலக்கம் போய்விடும். 2000-ஆம் ஆண்டு ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் பிறந்தவருக்கோ மூன்று பூஜ்யம் போய் ஒன்பது இலக்கம்தான் மிஞ்சும்! '12 இலக்கம் இல்லாவிட்டால் சேர்க்காதே' என்ற விதி அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். காணாமல் போனவர்களின் பட்டியலை விரித்தால் அத்தனை பேரும் 2000-லிருந்து 2009-க்குள் பிறந்தவர்கள். அந்த ஒற்றுமை கண்ணில் படுகிற நொடி இருக்கிறதே, நாற்காலியை விட்டு எழுந்து கத்தத் தோன்றும்! (அதே கோப்பைத் திரும்ப சிஎஸ்வியாகச் சேமித்தால் அப்பாவும் தப்ப மாட்டார். 12 இலக்கமும் அறிவியல் குறியீடாகச் சுருங்கி, வால் இலக்கங்கள் போயே போய்விடும்.) ஜொகூரின் பெரும்பகுதிக்குத் தொலைபேசிக் குறியீடு 07. அதன் பூஜ்யத்துக்கும் இதே கதிதான்.

அடுத்து நம் பெயர். மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'ஏ/எல்', மகள் என்றால் 'ஏ/பி'. அந்தச் சாய்கோடு கணினிக்குக் கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. ஆளின் பெயரையே கோப்பின் பெயராக வைக்கும் நிரல், இல்லாத கோப்புறையைத் தேடிப் போய் அங்கேயே நின்றுவிடும். ஒரு பட்டியலில் சாய்கோடு இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேர் ஆகிவிடுவார். எழுத்தைத் தவிர எதையும் ஏற்காத படிவத்தில் அவர் ஆளே இல்லை. இதை உரக்கவே சொல்கிறேன்: பிழை நம் பெயரில் இல்லை, நம் பெயரை நினைக்காமல் படிவம் எழுதியவரிடம் இருக்கிறது. முகவரியின் கமாவும் இப்படித்தான். மேற்கோள் குறிக்குள் அடைக்காத ஒவ்வொரு கமாவும் அடுத்த கட்டங்களைத் தள்ளிவிட, ஸ்கூடாயின் அஞ்சல் குறியீடு 81300 இருக்க வேண்டிய இடத்தில் தெருப்பெயர் போய் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த தடயம் வெள்ளிக்கிழமை! 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி 1 முதல் அது சனியும் ஞாயிறும் ஆனது. ஊர் மாறிவிட்டது, கணினி? தானியங்கி வேலைகளை ஓட்டும் கிரோன் அட்டவணையில் '0-4' என்றால் ஞாயிறு முதல் வியாழன் வரை. அதை '1-5' என்று மாற்ற மறந்தால், அன்றன்றைய கோப்பை மட்டும் எடுக்கும் வேலை வாராவாரம் வெள்ளியைக் கோட்டை விடும். பிழைச்செய்திகூட வராது. ஓடாத வேலை எங்கே பிழை காட்டும்?

கோப்பிலுள்ள வரிகளின் எண்ணிக்கை சரியாக 65,536-இல் நின்றாலும் துள்ளிக் குதிக்கலாம். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பின் உச்சவரம்பு அது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறாமல் போனது இதனால்தான். ஆய்வகக் கோப்புகளைப் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு அந்தப் பழைய வடிவத்தில் ஏற்றியது. ஒரு தொற்றாளருக்கே பல வரிகள் பிடித்ததால் ஒரு கோப்பில் ஏறத்தாழ 1,400 பேருக்குத்தான் இடம் இருந்தது. மற்றவர்கள் வெட்டுப்பட்டார்கள், அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்போய் எச்சரிப்பது அத்தனை நாள் தாமதமானது.

பிடிப்பது எப்படி என்கிறீர்களா? மூலப் பட்டியலையும் தரவுத்தளத்தையும் லெஃப்ட் ஜாயின் என்ற தரவுத்தளக் கட்டளை போட்டுச் சேர்த்து, மூலப் பட்டியலில் இருந்தும் தரவுத்தளத்தில் இல்லாதவர்களை மட்டும் கேளுங்கள். கோப்பே ஏற மறுக்கிறதா? பாதியாக வெட்டி ஏற்றுங்கள். ஏறாத பாதியை மறுபடி வெட்டுங்கள். பத்து லட்சம் வரியில் ஒரே ஒரு கோளாறு வரி ஒளிந்திருந்தாலும் இருபதாவது வெட்டுக்குள் அது தனியாக அகப்பட்டுவிடும். இருபதே வெட்டு!

உங்கள் கோயிலுக்கோ சங்கத்துக்கோ உறுப்பினர் பட்டியல் இருக்கிறதா? ஐசி, தொலைபேசி, அஞ்சல் குறியீடு மூன்றையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே சேமியுங்கள். அனுப்பியது எத்தனை, சேர்ந்தது எத்தனை என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், அது யார் என்று தெரியும்வரை விடாதீர்கள்.