தகரப் பெட்டியில் இருந்த ரசீதுகள்

தில்லியில் எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் உயில் எழுதாமலே காலமானார். காரியங்கள் முடிந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தனர். நாகபுரிக்கு மாதந்தோறும் அனுப்பிய மணியார்டர் ரசீதுகள். மணமாலையுடன் வேறொரு பெண்ணருகே அவர் நிற்கும் படம். ஒரு சிறுவனின் பள்ளிச் சான்று. அம்மாள் வாய் திறக்கவில்லை. மூத்த மகன் என்னிடம் கேட்டது ஒன்றே: "அந்தப் பிள்ளைக்கும் பங்கு உண்டா, ஸார்?"

உண்டு, நேயர்களே. முதல் மனைவி இருக்கையில் செய்துகொண்ட மறுமணம், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. ஆயினும் அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அத்தகைய மணத்தில் பிறந்த குழந்தைகளை முறைப்படி பிறந்தவர்களாகவே கொள்கிறது. பெற்றோரின் சொத்தில் அவர்களுக்கு உரிமையுண்டு; மற்ற உறவினர் சொத்தில் இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்குரிய பங்கிலும் அவர்கள் சேருவர் என 2023-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தத் தாய்க்கோ மனைவி என்ற முறையில் வாரிசுரிமை இல்லை; எனக்கு இது கடுமையாகவே படுகிறது.

மறுநாள் அம்மாள், ரசீதிலிருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். துக்கச் செய்தி அங்கே இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.