ஒழுக்கு நிற்காத வண்டியும் பட்டறையில் கேட்கும் உரிமையும்

நீர்ப்பொருள் ஒன்று தன் கலத்தை விட்டு வெளிவருவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. ஊறுதல், கசிதல், சொட்டுதல், ஒழுகுதல் என்பன அவற்றுட் சில. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவை ஒரு பொருளன போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையைக் குறிப்பது. மேற்பரப்பு ஈரமாக மட்டும் இருப்பின் அது கசிவு. துளி துளியாக விழுந்தால் அது சொட்டு. இடையறாது இறங்கினால் அது ஒழுக்கு. மோட்டார் சைக்கிள் பட்டறையில் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. இயந்திரத்தின் அடியில் கசிவு மட்டும் கண்டவர் கவனித்து வந்தாற் போதும். சொட்டு கண்டவர் நாள் குறித்துப் பழுது பார்க்க வேண்டும். ஒழுக்கு கண்டவர் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பட்டறைக்காரரிடம் “எண்ணெய் வருகிறது” என்று மட்டும் சொல்பவர், தம் வழக்கின் பாதியை அப்பொழுதே இழந்துவிடுகிறார்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பகாவ் வட்டாரத் தோட்டங்களில் ‘கப்சாய்’ எனப்படும் சிறு மோட்டார் சைக்கிளே குடும்பத்தின் கால். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வதும் அதிலேதான். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவதும் அதிலேதான். எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் தொடர்ந்து ஆறு நாள் வரவில்லை. விசாரித்தபோது தந்தையின் வண்டி நின்றுவிட்டதாக அறிந்தேன். எண்ணெய் ஒழுகுவதாக அவர் பட்டறைக்கு இருமுறை சென்றிருக்கிறார். இருமுறையும் பணம் கொடுத்திருக்கிறார். மூன்றாம் வாரம் எண்ணெய் வற்றி, இயந்திரம் இறுகிப் போயிற்று. “என்ன சொல்லிக் கேட்கிறது, சார்? ரசீதும் இல்லை, தேதியும் நினைவில்லை” என்றார் அவர். அவருக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. நூற்றுப் பத்து சி.சி. அளவுள்ள இவ்வகை இயந்திரம் ஒரு லிட்டருக்கும் குறைந்த எண்ணெயையே கொள்வது. அதில் சிறிது குறைந்தாலும் ஆபத்து உண்டு என்பதை நாம் பலரும் எண்ணுவதில்லை.

சொட்டும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு

ஒழுக்கை நிறுத்தும் வேலை ஏன் தவறிப்போகிறது? பெரும்பாலும் பட்டறைக்காரரின் வஞ்சனையால் அன்று; அவசரத்தால்தான். எண்ணெய் மேலே ஓரிடத்தில் வெளிப்பட்டு, உலோகத்தின் வழியே கீழிறங்கி, தாழ்ந்த முனையில் துளியாகத் தொங்குகிறது. ஓடும்போது காற்று அதனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. துளி தொங்கும் இடத்தையே பழுதான இடமாகக் கொண்டு அங்குள்ள அடைப்பை மாற்றினால், பழுது இருந்தபடியே இருக்கும்.

வேறு காரணங்களும் உள. இயந்திரத்தின் உள்ளழுத்தத்தை வெளிவிடும் மூச்சுக்குழாய் அடைபட்டிருப்பின், உள்ளிருக்கும் காற்று எண்ணெயை அடைப்புகளின் வழியே தள்ளும். அப்பொழுது புதிய அடைப்பும் பயன்படாது. எண்ணெய் வடிக்கும் திருகாணியின் வளையத்தை மாற்றாமல், ஆணியை மட்டும் மேன்மேலும் முறுக்கினால் அலுமினியத்தின் மரை தேய்ந்து, சிறு பழுது பெரும் பழுதாகும். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாயில் துருவால் சிறு குழிகள் விழுந்திருப்பின், அக்குழிகள் புதிய ‘ஆயில் சீலை’யும் சில நாளில் கிழித்துவிடும். அங்கு ஒழுகும் எண்ணெய் முன் பிரேக்கின் வட்டில் படுமாயின் உயிருக்கே தீங்கு.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்கிறது. பட்டறைக்கும் அம்முறையே பொருந்தும்.

என் வண்டியில் நேர்ந்தது

என் வண்டியும் இதற்கு விலக்கன்று. இடப்பக்கம் சங்கிலிப் பல்சக்கரத்தின் அருகே எண்ணெய் சொட்டியது. பட்டறையில் அங்குள்ள சீலை மாற்றி, எண்பது வெள்ளி பெற்றுக்கொண்டனர். மூன்றாம் நாள் மீண்டும் சொட்டியது. திரும்பிச் சென்றேன். ஆணிகளை முறுக்கிவிட்டு, “பழைய மோட்டார், இப்படித்தான் இருக்கும்” என்றார் பட்டறைக்காரர். எனக்குச் சினம் வந்தது உண்மை. ஆயினும் அன்று ஒன்றும் பேசாது வீடு திரும்பினேன்.

மறுநாள் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து உலரவிட்டேன். ஐயம் தோன்றிய பகுதிகளில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினேன். பத்து நிமிடம் ஓட்டிவந்து பார்த்தபோது, வெண்மைப் பரப்பின்மேல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அது பல்சக்கரத்தின் அருகே தொடங்கவில்லை. அதற்கு மேலே, மின்கம்பிகள் வெளிவரும் ரப்பர் அடைப்பிலிருந்து இறங்கியது. அதனைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பின்னர் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, படத்துடன் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். அடுத்த நாளே அந்த அடைப்பை மாற்றினார். உதிரிப்பொருளின் விலை மட்டும் பெற்றார். கூலி கேட்கவில்லை. சினந்து பேசியிருந்தால் அவரும் சினந்திருப்பார். வண்டி சொட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

சட்டம் வகுத்த வரிசை

நான் தற்செயலாகச் செய்த இதனையே நம் நாட்டுச் சட்டமும் வரிசையாக வகுத்துள்ளது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்கு மட்டுமன்றித் தொழிற்பணிக்கும் அச்சட்டம் உறுதி அளிக்கிறது. பணி தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படவேண்டும். பயனீட்டாளர் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருந்தவேண்டும். காலமும் கட்டணமும் முன்னரே பேசப்படாவிடின், அவை நியாயமான அளவில் இருக்கவேண்டும். 2002ஆம் ஆண்டில், பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய தகவல்கள் குறித்துத் தனி விதிகளும் இயற்றப்பட்டன.

உறுதி தவறினால் செய்வது என்ன? சரிசெய்யக்கூடிய குறையாயின், பணி செய்தவரையே நியாயமான காலத்துக்குள் சரிசெய்யுமாறு முதலிற் கேட்கவேண்டும். அவர் மறுத்தாலோ, கேட்டும் செய்யாது விட்டாலோ, வேறிடத்தில் சரிசெய்துகொண்டு அதற்கான நியாயமான செலவை அவரிடம் கோரலாம். ஒப்பந்தத்தை நீக்கவும் செய்யலாம். இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குக. சினங்கொண்டு உடனே வேறு பட்டறைக்குச் செல்வோர் பலர். அவ்வாறு செல்பவர், முதற் பட்டறைக்கு வாய்ப்பளித்தார் என்பதைப் பின்னர் மெய்ப்பிக்க முடியாது போகும். பழுதான பழைய சீலும் முதற் பட்டறையிலேயே குப்பையிற் போயிருக்கும்.

பணம் கொடுக்க மறுக்கலாமா என்றும் சிலர் கேட்பர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியது நம் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். ஒரு பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்தியவர், தமக்குரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. வைரத்தை வெட்டித் தீட்டும் பொற்கொல்லரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஆதலின் வண்டியை வலிந்து இழுத்து வருதல் அறிவுடைமை ஆகாது. ‘மறுப்புடன் செலுத்துகிறேன்’ என ரசீதில் எழுதிப் பணத்தைக் கொடுத்து, வண்டியை மீட்டு, பின்னர் முறையிடுவதே நன்று.

பட்டறை இணங்காவிடின், மலாயில் ‘திரிபுனல்’ எனப்படும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் உண்டு. கட்டணம் ஐந்து வெள்ளி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஐம்பதாயிரம் வெள்ளி வரை அங்கே கோரலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கோரவேண்டும். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கு இடமில்லை; பால்மரம் வெட்டுபவரும் பட்டறை முதலாளியும் சமமாக அமர்ந்து தத்தம் சான்றைக் காட்டவேண்டும். தீர்ப்பாயத்தின் முடிவை ஏற்று நடவாமை குற்றமாகும். இவ்வுரிமைகள் பற்றிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் நெடுங்காலமாக எழுதிவந்துள்ளது. 2019இல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டிற் பிறந்தவர் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

ஆசிரியர் செய்யக்கூடியது

இங்கே ஆசிரியர்க்கு ஒரு கடமை உண்டு எனக் கருதுகிறேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த நாள் முதல் கடிதம் எழுதக் கற்பித்து வருகிறேன். விடுமுறை விண்ணப்பமும், நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் எத்தனை நூறு எழுதுவித்திருப்பேன்! ஒரு குறையை நாகரிகமாக எடுத்துச் சொல்லித் தீர்வு கேட்கும் கடிதத்தை ஒருமுறையேனும் எழுதுவித்தேனில்லை. அந்த மாணவனின் தந்தையும் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர்தாம்.

அக்கடிதத்துக்கு ஆறு செய்திகள் போதும்: வண்டியின் எண், வேலை கொடுத்த நாள், கேட்ட வேலை, கொடுத்த பணம், அதன்பின் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த அளவில் எண்ணெய் வந்தது என்பது, எதனை, எந்த நாளுக்குள் செய்துதரக் கேட்கிறோம் என்பது. வசைச்சொல் ஒன்றும் வேண்டா. ஒரு படியை நம்மிடம் வைத்துக்கொள்ளவேண்டும். ரசீது, படம், மாற்றிய பழைய உதிரிப்பொருள் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி ஒரு பையிற் போட்டு வைக்கவேண்டும். கடிதத்தை மலாயில் எழுதவேண்டி வரினும், நிகழ்ந்ததை முதலில் தமிழில் வரிசைப்படுத்திக்கொண்டால் தெளிவு பிறக்கும்.

இவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இக்கடிதத்தைப் பயிற்சியாகக் கொடுத்தேன். முதலில் நான் சொன்ன சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். ‘சொட்டியது’ என்று எழுதுவதா, ‘ஒழுகியது’ என்று எழுதுவதா என மாணவர் தமக்குள் வாதிட்டனர். அந்த மாணவன் எழுந்து, “எங்கள் அப்பா வண்டியில் முதலில் சொட்டியது, சார், பிறகுதான் ஒழுகியது” என்றான். முதலில் சொட்டிய அந்த நாளில் ஒரு தாளில் அவ்வரி எழுதப்பட்டிருக்குமாயின், இயந்திரம் ஒருவேளை பிழைத்திருக்கும். அவனுடைய தந்தை இப்பொழுது தவணையில் வேறு வண்டி வாங்கியிருக்கிறார். அதன் இருக்கைக்கு அடியில் ஒரு நெகிழிப் பையில் ரசீதுகள் இருக்கின்றன.