காவல்காரருக்கு ஒரு தூளிப் படுக்கை

பயிர் விளைந்தால் மட்டும் போதாது. அது வீடு வந்து சேர வேண்டும். அதுவரை உழவருக்கு நல்ல உறக்கம் இல்லை. பகலில் கிளியும் குருவியும் வரும். இரவில் காட்டுப்பன்றி வரும். வட மாநிலங்களில் நீல்காய் என்னும் பெரிய மான் கூட்டமாக வந்து கோதுமையையும் கடலையையும் மேய்ந்துவிடும். மாந்தோப்பில் காய் திருட்டுப் பயம். ஆகவே யாராவது ஒருவர் இரவில் காவலுக்குப் போகிறார்.

அவர் எங்கே படுக்கிறார்? பெரும்பாலும் வரப்பின் மேல். அல்லது மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து. இதில்தான் ஆபத்து இருக்கிறது.

தரையில் படுத்தால் என்ன ஆகும்?

மழைக்காலத்தில் தரை ஈரமாக இருக்கும். எலியையும் தவளையையும் தேடிப் பாம்புகள் வரும். அவற்றில் கட்டுவிரியன் மிகவும் கொடியது. பகலில் அது வளைக்குள் கிடக்கும். இரவில்தான் வெளியே வரும். தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. பல் பட்ட தடமும் தெரியாது. "கொசு கடித்தது போல இருந்தது" என்று திரும்பப் படுத்து உயிரை விட்டவர்கள் உண்டு.

2020-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2000 முதல் 2019 வரை, இருபது ஆண்டுகளில், இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று அது கணக்கிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பலர் கிராமத்து மக்கள். ஏறத்தாழ பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நடந்தவை.

தரையை விட்டு மேலே படுத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். கயிற்றுக் கட்டில் நல்லதுதான். ஆனால் தினமும் கட்டிலைத் தலையில் சுமந்து வயலுக்குப் போக முடியுமா? இன்று இந்த வயல், நாளை அந்தத் தோப்பு என்று மாறிப் போகிறவர் என்ன செய்வார்?

அவருக்கு ஏற்றது தூளிப் படுக்கை. குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டுகிறோம் அல்லவா? அதையே பெரியவருக்குப் பெரிதாகச் செய்வது. அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக இப்படித்தான் உறங்கினார்கள். 1492-இல் கொலம்பஸ் அங்கே போனபோது இதைப் பார்த்தார். பிறகு கப்பல்களில் மாலுமிகள் இதில் படுக்கத் தொடங்கினார்கள். சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

மேலே போர்வை, ஆனாலும் குளிர்

தூளியில் படுத்துப் பார்த்த பலர் ஒரு குறை சொல்வார்கள். "மேலே இரண்டு போர்வை போர்த்தினேன். ஆனாலும் முதுகு விறைத்துப் போயிற்று." அதனால் பனிக்காலத்தில் மறுபடியும் தரைக்கே இறங்கிவிடுவார்கள்.

இது ஏன்?

போர்வை தானாகச் சூடு தருவதில்லை. நம் உடம்புதான் சூடு தருகிறது. போர்வையின் பஞ்சுக்குள் காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று சூட்டை எளிதில் வெளியே விடாது. அதனால்தான் உப்பிய மெத்தையில் சூடு நிற்கிறது. நைந்து தட்டையான மெத்தையில் சூடு நிற்பதில்லை.

இப்போது தூளியை நினைத்துப் பாருங்கள். ஒரு மெத்தையைத் தூளிக்குள் போட்டு அதன்மேல் படுத்தால், நம் எடை அதை அமுக்கிவிடும். உள்ளே இருந்த காற்று வெளியே போய்விடும். மேலும், தரையில் படுத்தால் கீழே காற்று வீசாது. தூளிக்குக் கீழேயோ இரவு முழுவதும் காற்று வீசும். அது முதுகின் சூட்டைக் கொண்டுபோய்விடும்.

அப்படியானால் வழி என்ன? மெத்தை நம் உடம்புக்கும் தூளித் துணிக்கும் நடுவில் இருக்கக் கூடாது. தூளித் துணிக்கு வெளியே, அடியில் தொங்க வேண்டும். எடையைத் தூளித் துணி தாங்கும். மெத்தை நசுங்காது. உப்பலாகவே இருக்கும். காற்றும் முதுகில் படாது. இந்தப் படுக்கையின் சூட்சுமம் இவ்வளவுதான்.

தேவையான பொருள்கள்

1. தாங்கும் துணி: கெட்டியான புதிய காடாத் துணி அல்லது மெல்லிய கித்தான். நீளம் 11 அடி, அகலம் 5 அடி. பழைய சேலை, பழைய வேட்டி இதற்கு ஆகாது. நைந்த துணி நடு இரவில் கிழியும்.

2. அடிப்பைக்கு: பழைய படுக்கை விரிப்பு அல்லது பழைய சேலை. நீளம் 7 அடி, அகலம் 4½ அடி. இது எடையைத் தாங்குவதில்லை. ஆகவே பழையது போதும்.

3. மெத்தைக்கு: இரண்டு பழைய சேலைகள், சுமார் ஒரு கிலோ பஞ்சு. பஞ்சுக்குப் பதில் பழைய கம்பளியையும் வைக்கலாம். பருத்திப் பஞ்சு நனைந்தால் சூடு தராது. இலவம்பஞ்சில் தண்ணீர் எளிதில் ஏறாது. கம்பளி சற்று ஈரமானாலும் சூடு தரும்.

4. விரல் பருமன் உள்ள உறுதியான கயிறு, பாலியெஸ்டர் தையல் நூல், நாடா. தையல் இயந்திரத்துக்கு 16-ஆம் எண் ஊசி.

தைக்கும் முறை

முதலில் தாங்கும் துணி. நீளவாட்டில் இரண்டு ஓரங்களையும் அரை அங்குலம் மடியுங்கள். மறுபடியும் அரை அங்குலம் மடித்துத் தையுங்கள். காடாத் துணி அகலம் குறைவாகக் கிடைத்தால் இரண்டு துண்டுகளை இணைக்கலாம். இணைப்பு நீளவாட்டில்தான் வர வேண்டும். குறுக்கே வரக் கூடாது.

அடுத்து இரு முனைகள். ஒவ்வொரு முனையிலும் ஓர் அங்குலம் உள்ளே மடியுங்கள். பிறகு இரண்டு அங்குலம் மடியுங்கள். பாவாடைக்கு நாடா கோக்க இடம் விடுவது போல ஒரு குழாய் வரும். அதை மூன்று வரிசை தையல் போட்டு உறுதியாக்குங்கள். இந்தக் குழாயில்தான் கயிறு நுழையும். முழு எடையும் இங்கேதான் விழும். இங்கே அவசரம் கூடாது.

இப்போது மெத்தை. ஒரு சேலையை 6 அடி நீளம், 4 அடி அகலத்துக்கு மடித்து விரியுங்கள். அதன்மேல் பஞ்சைப் பரப்புங்கள். மற்றொரு சேலையை அதே அளவுக்கு மடித்து மேலே மூடுங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு நீள ஓட்டத் தையல் போடுங்கள். தையல் போடாவிட்டால் பஞ்சு ஒரு பக்கம் போய்ச் சேரும். நெருக்கித் தைத்தால் மெத்தை தட்டையாகிவிடும். மராட்டியப் பெண்கள் கோதடி தைப்பதும், வங்காளப் பெண்கள் காந்தா தைப்பதும் பழைய சேலைகளை அடுக்கித்தான். நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் இந்தக் கை பழக்கம்தான்.

மெத்தையின் நான்கு மூலைகளிலும், நீளப் பக்கங்களின் நடுவிலும், ஆறு நாடாத் துண்டுகள் தையுங்கள்.

கடைசியாக அடிப்பை. தாங்கும் துணியைக் கவிழ்த்து விரியுங்கள். அதன் நடுவில் 6½ அடி நீளம், 3½ அடி அகலத்துக்குச் சாக்கட்டியால் கோடு போடுங்கள். அடிப்பைத் துணி இதைவிடப் பெரியது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். தளர்ந்து தொங்கினால்தான் மெத்தைக்கு இடம் கிடைக்கும். இறுக்கமாக இருந்தால் மெத்தை நசுங்கும்.

அடிப்பைத் துணியின் நான்கு ஓரங்களையும் மடித்துத் தையுங்கள். இரு முனைகளில் நாடா கோக்கக் குழாய் விடுங்கள். பிறகு இரண்டு நீளப் பக்கங்களை மட்டும் கோட்டின்மேல் வைத்துத் தையுங்கள். தைக்கும்போதே இந்தப் பக்கங்களின் உள்ளே ஆறு நாடாத் துண்டுகளை மெத்தையின் நாடாக்களுக்கு நேராகச் சேர்த்துவிடுங்கள்.

இரு முனைகளைத் தாங்கும் துணியோடு சேர்த்துத் தைக்காதீர்கள். ஏன் தெரியுமா? எடை நீளவாட்டில் இழுக்கும். குறுக்கே ஊசித் துளைகள் வரிசையாக இருந்தால், தபால்தலை கிழிவது போல அந்த இடத்தில் துணி கிழியும். முனைகளை நாடாவால் சுருக்கிக் கட்டினால் போதும். இன்னொரு வசதியும் உண்டு. நாடாவை அவிழ்த்தால் மெத்தையை வெளியே எடுக்கலாம். வெயிலில் காய வைக்கலாம். கோடைக்காலத்தில் மெத்தை இல்லாமலே படுக்கலாம்.

மெத்தையை அடிப்பைக்குள் நுழைத்து நாடாக்களைக் கட்டுங்கள். இரு முனைகளையும் சுருக்குங்கள். படுத்துப் பார்க்கும்போது மெத்தை முதுகை இலேசாகத் தொட வேண்டும். இடையில் சந்து இருந்தால் காற்று நுழையும்.

கட்டும் முறை

சுமார் 14 அடி இடைவெளியில் இரண்டு உறுதியான மரங்கள் வேண்டும். பட்ட மரம், உளுத்த மரம், முருங்கை மரம் வேண்டாம். மின்கம்பத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். கயிற்றை ஆள் தலை உயரத்தில் கட்டுங்கள். படுத்தபின் தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். இரவில் தவறி விழுந்தாலும் பெரிய அடி படாது.

கயிற்றை இழுத்து விறைப்பாகக் கட்டக் கூடாது. விறைப்பாகக் கட்டினால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. துணி காயப் போடும் கொடியைப் பாருங்கள். தொய்வாகக் கட்டிய கொடி பல நாள் உழைக்கும். விறைப்பாகக் கட்டிய கொடி ஈரச் சேலைக்கே அறுந்துவிடும்.

தூளிக்கும் இதே கணக்குதான். 60 கிலோ எடை உள்ளவர் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு நன்றாகச் சரிந்து, 30 பாகைக் கோணத்தில் இருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிறும் 60 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். கயிறு ஏறத்தாழப் படுக்கையாக, 10 பாகைக் கோணத்தில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 170 கிலோ இழுப்பு! அதே ஆள், அதே தூளி. கட்டிய விதம் மட்டும்தான் வேறு.

பாகையை அளக்கக் கருவி வேண்டாம். தூளி முனையிலிருந்து மரத்தை நோக்கி இரண்டு அடி போனால், கயிறு ஓரடிக்குச் சற்று அதிகமாக மேலே ஏற வேண்டும். இதுவே போதிய சரிவு.

முதல் நாளே ஆள் ஏறிப் படுக்க வேண்டாம். தூளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, இரண்டு நெல் மூட்டைகளை வையுங்கள். ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் தையலையும் கயிற்றையும் பாருங்கள்.

படுக்கும் முறை

முதலில் நடுவில் உட்காருங்கள். பிறகு கால்களைத் தூக்கிச் சற்றுக் குறுக்காகப் படுங்கள். தலை ஒரு பக்கம், கால் மறுபக்கம் சாய்ந்தால் முதுகு நேராக இருக்கும். நேர்கோட்டில் படுத்தால் உடம்பு வில்லாக வளையும். காலையில் இடுப்பு வலிக்கும்.

மேலே ஒரு கயிறு கட்டிக் கொசுவலையைத் தொங்க விடலாம். வலையின் ஓரங்களைத் தூளியின் அடியில் சேர்த்துக் கட்டுங்கள். கொசுவும் வராது. கயிறு வழியாக ஏதேனும் ஊர்ந்து வந்தாலும் உடம்பைத் தொடாது.

கவனம் தேவை

குளிருக்காகத் தூளியின் கீழே கணப்புச் சட்டி வைக்காதீர்கள். துணியும் பஞ்சும் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும்.

இடி மின்னல் வந்தால் மரத்தடியை விட்டு உடனே வெளியேறுங்கள்.

சிறு குழந்தைகளை இதில் தனியே விடாதீர்கள். துணி கழுத்தைச் சுற்றினால் மூச்சு அடைத்துவிடும்.

இறங்கும் முன் டார்ச் விளக்கு அடித்துத் தரையைப் பாருங்கள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தூளியில் படுப்பவரும் தரையில்தான் நடக்கிறார்.

காவலுக்குப் போனவருக்குக் காலையில் காரணம் இல்லாமல் வயிறு வலிக்கிறதா? கண் இமை தானாக மூடுகிறதா? எச்சில் விழுங்க முடியவில்லையா? கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கடித்த இடத்தைக் கீறாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிப்பவரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.

சேர்ந்து தைப்போம்

இந்தப் படுக்கையைத் தைக்கப் பெரிய திறமை வேண்டாம். பாவாடையும் தலையணை உறையும் தைக்கத் தெரிந்தால் போதும். ஊரில் மகளிர் குழு இருந்தால் ஒன்று கூடுங்கள். காடாத் துணியை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஒருவர் அளந்து வெட்டலாம். ஒருவர் இயந்திரத்தில் தைக்கலாம். மற்றவர்கள் கையால் மெத்தை தைக்கலாம். அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தூளிக்கு உதவும்.

எழுதப் படிக்கக் கற்றவருக்கு அங்குலமும் அடியும் இனி வெறும் எண்கள் அல்ல. காவலுக்குப் போகும் ஒருவர் காலையில் நலமாக வீடு திரும்ப உதவும் அளவுகள் அவை.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே படுக்கிறார்கள்?

மெத்தையை ஏன் தூளிக்கு அடியில் வைக்கிறோம்?

உங்கள் ஊருக்கு அருகில் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது? எவ்வளவு நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம்?