கப்பலுக்குள் அனுமதி இல்லாத பெட்டி

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி குடும்பத்துடன் சிங்கப்பூரிலுள்ள தன் மாமா வீட்டுக்குச் சென்றாள். அங்கிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் மாமா எல்லோருக்கும் இடம் பதிவு செய்திருந்தார். துறைமுகத்தில் பெட்டிகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் சோதித்தபோது மூன்று பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பாட்டி ஜெபமாலை நேரத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவந்த மெழுகுவர்த்திகள் ஒன்று. அம்மாவின் இஸ்திரிப் பெட்டி இன்னொன்று. மூன்றாவது, நம் வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பின்னால் கிடக்குமே, நாலைந்து துளைகளும் ஒரு சிவப்பு சுவிட்சும் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி.

மெழுகுவர்த்தி சரி, அது நெருப்பு. இஸ்திரிப் பெட்டி சரி, அது சூடாகும். எக்ஸ்டென்ஷன் பெட்டி என்ன பாவம் செய்தது? தோழியின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. தாத்தாவுக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும். இரவு முழுவதும் காற்றைச் செலுத்தும் சிறிய இயந்திரத்தை முகத்தில் பொருத்திக்கொண்டுதான் அவர் தூங்க வேண்டும். கட்டிலருகே பிளக் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று முன்யோசனையோடு, கடையில் விலை அதிகமான, ‘ஸ்பைக் பஸ்டர்’ என்று எழுதியிருந்த பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். அந்தப் பாதுகாப்புதான் தடைக்கு முதல் காரணம் என்று கேட்டபோது அவரால் நம்ப முடியவில்லை. பள்ளி திறந்ததும் தோழி இதைச் சொன்னாள், நாங்களும் நம்பவில்லை.

எங்கள் தூத்துக்குடி துறைமுக ஊர். கப்பலில் வேலை பார்ப்பவர்கள் பல வீடுகளில் உண்டு. எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா கப்பலில் மின்சார அதிகாரி. அவர் விடுப்பில் வந்திருந்த சமயம் பார்த்து, இயற்பியல் கற்பிக்கும் சிஸ்டர் அவரை ஒரு பிற்பகல் வகுப்புக்கு அழைத்தார்கள். அன்று கரும்பலகையில் பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் வீட்டை எடுத்துக்கொள்வோம். தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து பேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பிகள் வருகின்றன. நியூட்ரல் கம்பி டிரான்ஸ்பார்மரிலேயே பூமியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பேஸ் கம்பிக்கும் பூமிக்கும் இடையே 230 வோல்ட். நியூட்ரலுக்கும் பூமிக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றும் இல்லை. வெறுங்காலுடன் தரையில் நின்று பேஸ் கம்பியைத் தொட்டால் மின்னோட்டம் நம் உடல் வழியாகப் பூமிக்குள் இறங்கி, டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிவிடுகிறது. ஷாக் அடிப்பது இதனால்தான். எர்த் இணைத்த கிரைண்டரிலோ பிரிட்ஜிலோ கோளாறு வந்து பேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டால், பெரிய மின்னோட்டம் எர்த் கம்பி வழியே பாய்ந்து பியூஸை உருக்கிவிடும் அல்லது டிரிப் சுவிட்சை விழச்செய்யும். கோளாறு வந்தவுடன் மின்சாரம் நின்றுவிட வேண்டும் என்பதே தரையில் உள்ள ஏற்பாடு.

கடலில் உள்ள ஏற்பாடு இதற்கு நேர் எதிர். நடுக்கடலில், புயலில், ஒரு சிறு கோளாறுக்காகச் சுக்கானைத் திருப்பும் மோட்டாருக்கோ தீயணைக்கும் பம்புக்கோ மின்சாரம் நின்றுபோனால் கப்பலின் கதி என்ன? ஆகவே பல கப்பல்களில் இரண்டு கம்பிகளில் ஒன்றைக்கூடக் கப்பலின் இரும்பு உடலோடு இணைப்பதில்லை. (கப்பலுக்கு அந்த இரும்பு உடல்தான் பூமி.) மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை அல்லவா? ஒரே கம்பியைத்தான் அது தொடுகிறது. மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லை. அதுபோல, ஒரு கம்பி எங்கேயோ உரசி இரும்புச் சுவரைத் தொட்டாலும் பெரிய மின்னோட்டம் பாயாது. பியூஸ் போகாது. வேலை நடந்துகொண்டே இருக்கும்.

ஆனால் கோளாறு இருப்பது எப்படித் தெரியும்? இந்த இடத்தில் சித்தப்பா சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கப்பலின் மின்சாரப் பலகையில் மூன்று விளக்குகள் இருக்கும். மூன்று பேஸ்களிலிருந்தும் ஒவ்வொரு விளக்கு, கப்பல் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் மூன்றும் ஒரே அளவில் எரியும். ஒரு பேஸ் எங்காவது இரும்பைத் தொட்டுவிட்டால் அதற்குரிய விளக்கு மங்கும், மற்ற இரண்டும் பிரகாசமாகும். பணியில் இருப்பவர் அதைக் கண்டவுடன், எந்த அறையில், எந்தக் கம்பியில் என்று தேடப் புறப்பட வேண்டும். புதிய கப்பல்களில் இந்த வேலையைக் கருவிகள் செய்து மணி அடித்துச் சொல்கின்றன. ஆனாலும் விளக்குகளைத்தான் தனக்குப் பிடிக்கும் என்றார் அவர். கோவிலில் நற்கருணைப் பேழையருகே எரியும் விளக்கை நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இனி, அந்தப் பெட்டிக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த அதே பெட்டியைத் தோழி பள்ளிக்குக் கொண்டுவந்தாள். எதனுடனும் இணைக்காமல், சிஸ்டர் முன்னிலையில், திருப்புளியால் அதைத் திறந்தோம். உள்ளே செம்புப் பட்டைகளுக்கு நடுவில் நீல நிறத்தில் சிறு வட்டுகள் இருந்தன. அவற்றினுள் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. சாதாரண மின்னழுத்தத்தில் இந்த வட்டு மின்சாரத்தை விடாது. இடி, மின்னல் நேரத்தில் திடீரென்று அழுத்தம் ஏறினால் மட்டும் வழிவிட்டு, அந்த அதிகப்படியை எர்த் பக்கம் திருப்பிவிடும். கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்கு மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வோர் அடியையும் தாங்கத் தாங்க வட்டு வலுவிழந்து, சாதாரண அழுத்தத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். கசிந்தால் சூடாகும், சூடானால் இன்னும் கசியும்.

இந்தப் பெட்டியைக் கப்பல் அறையில் செருகினால் என்ன ஆகும்? எந்தக் கம்பியும் கப்பல் உடலைத் தொடக் கூடாது என்று கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்த இரண்டுக்கும் நடுவே நாமே ஒரு பாலம் கட்டிவிடுகிறோம். அதே நேரத்தில் கப்பலின் வேறொரு மூலையில், சலவை அறையில் என்று வைத்துக்கொள்வோம், எதிர்க்கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால் மின்னோட்டத்துக்கு முழு வழி கிடைத்துவிடும். சலவை அறையிலிருந்து கப்பலின் உடல் வழியாக நம் அறைக்கு வந்து, நம் பெட்டியின் வட்டு வழியாகப் பாயும். டிரிப் சுவிட்சை விழச்செய்யும் அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை; பிளாஸ்டிக்கை உருக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

சிவப்பு சுவிட்சை அணைத்துவிடலாமே என்று நாங்கள் கேட்டோம். திறந்த பெட்டியை மறுபடியும் பார்க்கச் சொன்னார். சுவிட்ச் ஒரே ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது, பேஸ் கம்பியை. வீட்டில் அது போதும், ஏனெனில் மற்றக் கம்பியில் அழுத்தம் இல்லை. கப்பலிலோ இரண்டு கம்பிகளிலும் உயிர் உண்டு. 220 வோல்ட் பிளக் என்றால் ஒவ்வொரு கம்பிக்கும் கப்பல் உடலுக்கும் இடையே சுமார் 110 வோல்ட் இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனாலும் பாதிப் பெட்டி விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. ஒரே சரக்குக் கப்பலின் இரண்டு அறைகளில் இத்தகைய பெட்டிகளால் தீப்பற்றும் நிலை ஏற்பட்டதை அடுத்து, 2013-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை எல்லாக் கப்பல்களுக்கும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்பைக் தடுப்பு இல்லாத வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைச் சில நிறுவனங்கள் அனுமதித்து வந்திருக்கின்றன. ராயல் கரீபியன் நிறுவனமோ 2024-இல் அவற்றையும் கொண்டுவரக் கூடாது என்று அறிவித்துவிட்டது. பயணிகள் அறைகளுக்கு மட்டும் தனி டிரான்ஸ்பார்மர் வைத்து, வீட்டைப் போலவே நியூட்ரலை எர்த் செய்துள்ள கப்பல்களும் உண்டு. ஆனால் நாம் ஏறும் கப்பல் எந்த வகை என்று பயணிக்கு எப்படித் தெரியும்?

வெறும் பெட்டி என்றாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. பத்தாம் வகுப்பில் ஜூல் வெப்ப விதியை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மெல்லிய கம்பியுள்ள ஒரு பெட்டியில் தலைமுடி உலர்த்தி, கெட்டில், சார்ஜர் எல்லாவற்றையும் செருகினால் நடப்பது இதுதான். அதிலும் கம்பி கட்டிலுக்கும் கம்பளத்துக்கும் அடியில் போனால் சூடு வெளியேற இடமில்லை. கப்பலின் இடைவிடாத அதிர்வில் பிளக் தளர்ந்து பொறி பறக்கவும் கூடும்.

சரி, தீப்பிடித்தால் அணைத்துவிடலாமே என்று தோன்றும். தரையில் தீயணைப்பு வண்டி வரும், நாம் தெருவுக்கு ஓடுவோம். கப்பலில் தெரு இல்லை. உணவு பரிமாறுகிறவரும் அறையைச் சுத்தம் செய்கிறவரும் பயிற்சி பெற்ற மாலுமிகளோடு சேர்ந்து அவரவர் இடத்துக்கு ஓட வேண்டும். தண்ணீரையும் கணக்கில்லாமல் ஊற்ற முடியாது. 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற மாபெரும் கப்பலில் தீப்பிடித்தபோது, அணைக்க இறைத்த தண்ணீரின் பாரத்தாலேயே அது மறுநாள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

1965 நவம்பர் 12 அன்று மயாமியிலிருந்து நாசோ தீவுநகருக்கு யார்மவுத் காசில் என்ற உல்லாசக் கப்பல் 552 பேருடன் புறப்பட்டது. 1927-இல் கட்டப்பட்ட கப்பல். மேல்தளங்களில் மரவேலை அதிகம். நள்ளிரவுக்குப் பின் 610-ஆம் எண் அறையில் தீ பிறந்தது. பயணிகள் தங்காத அந்த அறையில் மெத்தைகளையும் உடைந்த நாற்காலிகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் தெளிக்கும் குழாய் அங்கே இல்லை. தீ எதனால் பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தற்காலிகமாக இழுத்து இணைத்திருந்த மின்கம்பியிலிருந்து பறந்த பொறி, சந்தேகிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. பின்லாந்தின் ஃபின்பல்ப் என்ற சரக்குக் கப்பலும் பஹாமா ஸ்டார் என்ற பயணிகள் கப்பலும் விரைந்து வந்து பலரைக் காப்பாற்றின. ஆயினும் 90 பேர் மாண்டனர். காலை ஆறு மணியளவில் கப்பல் மூழ்கிப்போயிற்று. இதன் பிறகே பயணிகள் கப்பல்களை எளிதில் தீப்பற்றாத பொருள்களால் கட்ட வேண்டும் என்ற சர்வதேச விதிகள் கடுமையாயின. இதைப் படித்துச் சொன்னபோது எங்கள் வகுப்பில் யாரும் பேசவில்லை. ஒரு வீட்டில் கவனக்குறைவாக இருந்தால் அந்த வீட்டோடு போகலாம். அங்கே ஓர் அறையின் தவறு நூற்றுக்கணக்கான அறைகளின் தவறாகிவிடுகிறது.

வருங்காலத்தில் கப்பலேறப் போகும் வாசகர்களுக்காகச் சில விவரங்களும் சொல்லிவிடுகிறோம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், வெந்நீர் போடும் கம்பிச்சுருள், மின்னடுப்பு, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். போன் சார்ஜரில் தடை இல்லை. பல கப்பல்களில் 110, 220 என்று இரண்டு வகைப் பிளக்குகள் இருப்பதால், சார்ஜரில் மிகச்சிறிய எழுத்தில் ‘100-240’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் இரண்டிலும் வேலை செய்யும். நமது மூன்று உருண்டைக் கால் பிளக் அங்கே நுழையாது. மருத்துவக் கருவி எதுவாக இருந்தாலும் பயணத்துக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தோழியின் அப்பா செய்யத் தவறியது இது ஒன்றுதான்.

தாத்தாவின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே! கப்பலில் ஏறியதும் அப்பா வரவேற்பு மேசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அரை மணி நேரத்தில் ஒரு பணியாளர் கப்பலுக்கே சொந்தமான நீளமான, தடித்த கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் எண் எழுதிய அட்டை ஒட்டியிருந்ததாம். அவரே கட்டிலடியில் போகாதபடி சுவரோரமாக அதை இழுத்து, தாத்தாவின் இயந்திரத்தை இணைத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். இறங்கும் நாளில் கம்பியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். துறைமுகத்தில் ரசீதைக் காட்டியதும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும், இஸ்திரிப் பெட்டியும், பாட்டியின் மெழுகுவர்த்திகளும் திரும்பி வந்தன. பெட்டி இப்போது எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், மூடி திறந்தபடியே இருக்கிறது.