இணைய விளையாட்டும் இளஞ்சிறாரும்

விளையாட்டு இளமைக்கு இயல்பு. முன்னாளில் கொரட்டூர்த் தெருக்களில் கோலியும் பம்பரமும் ஆடிய சிறுவர், தம்மோடு ஆடுவோர் எவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதை நன்கறிவர். இந்நாளிலோ ஒரு சிறுவன் தன் வீட்டினுள் இருந்தபடியே, கைப்பேசி வாயிலாக முகமறியாப் பலரோடு ஆடுகின்றான். இடர் தோன்றுமிடம் இதுவே.

அண்மையில் எம் தெருச் சிறுவன் ஒருவனை, "உன்னோடு ஆடும் அண்ணன் யாவன்?" என வினவினோம், "தெரியாது" என்றான். அவ்வண்ணனோ இவன் பெயர், பள்ளி, தந்தையார் வீடு திரும்பும் நேரம் ஆகிய யாவும் அறிந்திருந்தான். ஆட்டத்தில் பயன்படும் பரிசொன்று தருவதாகக் கூறி ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தானாம்.

அயலாரால் வரும் இடர் இஃதாக, நிறுவனங்களால் வருவதும் ஒன்றுண்டு. ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், பெற்றோர் இசைவின்றிப் பதின்மூன்று வயதிற்குட்பட்டோர் விவரங்களைத் திரட்டியதென அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2022 டிசம்பரில் 27 கோடி 50 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. சிறுவர் அயலாரோடு பேசும் வழியை முதலிலேயே திறந்து வைத்ததும் அக்குற்றச்சாட்டில் அடங்கும்.

நம் நாட்டில், பயனர் விவரங்கள் அயல்நாடு செல்கின்றன என்னும் முறையீட்டின்மேல், 2020 செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. ஆயின் ஒன்று தடையுண்டால் மற்றொன்று எழும் அன்றோ? ஆதலின் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோர் விவரங்களைப் பெறப் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க இசைவு வேண்டுமென விதித்தது. மீறுவோர்க்கு 200 கோடி ரூபாய் வரை தண்டமும் வகுத்தது.

எனினும் சட்டம் வீட்டினுள் வந்து காவாது. மெய்ப்பெயர், நிழற்படம், பள்ளி, முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றை ஆட்டத்தில் எவர்க்கும் உரைத்தல் தகாது. குரல்வழிப் பேச்சை அடைத்து வைத்தலும், பலர் இருக்கும் கூடத்திலேயே ஆடச் செய்தலும் நன்று. தீங்கு நேரின் உரையாடலை அழியாது காத்து, 1098 அல்லது 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. எம் தெருச் சிறுவன் இச்செய்தியைத் தாயாரிடம் உரைக்கவில்லை. கைப்பேசியைப் பறித்துக்கொள்வரென அஞ்சினான். அவ்வச்சமே தீயோனுக்கு அரணாயிற்று. நல்ல மேய்ப்பன் காடு முழுவதற்கும் வேலியிடுவதில்லை. மந்தையோடு உடன் செல்கின்றான். சினவாது கேட்கும் செவியொன்று வீட்டில் உளதாயின், சிறுவன் தானே வந்துரைப்பான். மூத்தோராகிய நாம் அச்செவியாய் இருப்போமாக.